ஒரே கைதட்டல், எத்தனை குரல்: 'திவாலி' ரிடிம்

1 நவம்பர் 2024 (வாசகர் ஒருவரின் கேள்வி)

நேற்று தீபாவளிக்கு வீட்டில் பழைய பாட்டுகளைப் போட்டு ஆடினோம். ஷோன் போலின் 'கெட் பிஸி' முடிந்து வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' வந்தது. அதற்குப் பின்னால் லுமிடீயின் 'நெவர் லீவ் யூ'. மூன்றுக்கும் ஒரே தாளம், ஒரே கைதட்டல். மூன்றும் 2003இல் வானொலியில் ஓடியவை. இதில் யார் யாரிடம் திருடினார்? நம் இசையமைப்பாளர் ஒருவர் நாலு நொடி எடுத்தாலும் கிழித்துத் தொங்கவிடுகிறோமே, இவர்களை மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை?

1 நவம்பர், இரவு

ஒருவரும் திருடவில்லை. மூன்று பேரும் ஒரே ரிடிம் மேல் பாடியிருக்கிறார்கள். அந்த ரிடிமின் பெயர் 'திவாலி'. நம் தீபாவளிதான். நேற்று நீங்கள் தெரியாமலே நாளுக்குப் பொருத்தமாகப் போட்டிருக்கிறீர்கள்.

ஜமேக்காவில் ரிடிம் என்றால் வெறும் தாளம் இல்லை. ட்ரம், பேஸ், கீபோர்ட் எல்லாம் சேர்ந்த, குரல் மட்டும் ஏறாத முழு இசை. தயாரிப்பாளர் ஒருவர் அதைச் செய்து, பெயர் வைத்து, பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒவ்வொருவரும் அதன்மேல் தன் பாட்டைப் பாடிவிட்டுப் போவார். திவாலியைச் செய்தவர் ஸ்டீவன் மார்ஸ்டன். 'லெங்கி' என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். லண்டனின் கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனம் தன் ரிடிம் ஆல்பம் வரிசையில் 27ஆவதாக 2002இல் இதை வெளியிட்டது. முழு சிடி, பாட்டுக்குப் பாட்டு வேறு குரல், எல்லாவற்றுக்கும் கீழே ஒரே இசை.

நம்மிடமும் இது உண்டு. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் பாருங்கள், 'இன்ன பாட்டின் மெட்டு' என்று தலைப்புக்குக் கீழே போட்டிருக்கும். அதை யாரும் திருட்டு என்று சொன்னதில்லை.

2 நவம்பர், காலை

பெயரைப் பற்றி ஒன்று. திவாலி என்றதும் சிதாரையும் தபலாவையும் தேடாதீர்கள், இல்லை. விளக்கும் இல்லை, வெடியும் இல்லை. வெடிக்குப் பதில் கைதட்டல். அதிலும் இன்னொன்று கவனியுங்கள்: வழக்கமாக ஸ்னேர் ட்ரம் விழ வேண்டிய இடத்தையெல்லாம் கைதட்டலே பிடித்துக்கொள்கிறது. கீழே கனத்த ட்ரம், மேலே இடைவிடாத கைதட்டல். ஒரு கூட்டம் வட்டமாக நின்று தட்டுவதுபோல இருக்கும். மற்றதெல்லாம் அதற்குமேல் மெல்லிய பூச்சு. அதனால்தான் இருபது வருடம் கழித்தும் இரண்டு நொடியில் அடையாளம் தெரிந்துவிடுகிறது.

2 நவம்பர், மாலை

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று எழுதிவிடுகிறேன், கேள்வி கேட்டவருக்கு வந்த அதே சந்தேகம்தான் எனக்கும் வந்தது.

2003இல் டொரொண்டோவின் ஸ்காபரோவில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். பெட்டி அடுக்கும் வேலை. எங்கள் வரிசையில் பத்துப் பேர் என்றால் நாலு பேர் தமிழர், மூன்று பேர் ஜமேக்கா. விடிகாலை மூன்றரைக்கு பஸ் கிடைக்காது. அந்த ஜமேக்காக்காரர்களில் ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், என்னைத் தன் காரில் கொண்டுவந்து விடுவார். கனடாவுக்கு வந்து எட்டு மாதம், எனக்கு ஆங்கிலமே தட்டுத்தடுமாறி. அவர் பேசுவது ஜமேக்காவின் பேச்சு மொழியான பாட்வா. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் காரிலிருந்த சிடி பிளேயர்.

முதல் நாள் ஒரு பாட்டுப் போட்டார். கைதட்டலோடு ஒருவன் படபடவென்று பெண்களின் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே போனான். முடிந்தது. அடுத்த பாட்டும் அதே கைதட்டல். அதற்கடுத்ததும் அதே. சிடி எங்கோ சிக்கிக்கொண்டது, மனிதர் கவனிக்கவில்லை என்று நினைத்து, உதவி செய்வதாகக் கை நீட்டி அடுத்த பாட்டுக்குத் தள்ளினேன். மறுபடி அதே கைதட்டல்! மறுபடி தள்ளினேன். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஏனென்று தெரியாமலே.

பிறகு விரலால் டேஷ்போர்டில் தட்டிக் காட்டினார். ஒரு கையைத் தாழ்வாகப் பிடித்து 'இது ரிடிம்' என்றார். மறு கையை அதற்குமேல் பறவைபோலப் பறக்கவிட்டு 'இது ஷோன் போல்' என்றார். கீழ்க் கை அப்படியே நிற்க, மேல் கையை இறக்கிவிட்டு வேறு மாதிரிப் பறக்கவிட்டு 'இது வெய்ன் வொண்டர்' என்றார். எனக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான். இன்றைக்கும் யாராவது ரிடிம் என்றால் என்ன என்று கேட்டால் அந்த இரண்டு கைகளைத்தான் காட்டுகிறேன்.

3 நவம்பர்

முதல் நாள் எழுதிய மெட்டு உவமை சரியில்லை. நேற்றிரவு படுத்துக்கொண்டே யோசித்தேன், தலைகீழாக எழுதிவிட்டேன்.

நம் நாடகப் பாட்டில் மெட்டு அப்படியே நிற்கிறது, வார்த்தை மட்டும் மாறுகிறது. ரிடிமில் அப்படி இல்லை. குரலின் மெட்டும் மாறும், வார்த்தையும் மாறும், மனநிலையும் மாறும். நிற்பது அடித்தளம் மட்டும். 'கெட் பிஸி'யை முணுமுணுத்துவிட்டு 'நோ லெட்டிங் கோ'வை முணுமுணுத்துப் பாருங்கள், ஒரு சுரம்கூட ஒத்துப்போகாது. முதலாவது நாலைந்து சுரத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகிற ஓட்டம். இரண்டாவது இழுத்து, குழைத்து, மேலே போய் நிற்கிற காதல் பாட்டு.

இதற்குக் கிட்ட வருவது ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லும் வழக்கம். சபையில் ஒருவர் கடைசி அடியைக் கொடுப்பார். இலக்கணம் பொது, அந்த அடி பொது. மற்றதை ஒவ்வொரு புலவனும் தன் சரக்கைக் கொண்டு நிரப்ப வேண்டும். 'அந்த அடி அவனுடைய பாட்டிலும் இருக்கிறதே' என்று சபையில் யாராவது கேட்பார்களா? கேட்பது ஒன்றுதான்: உன்னால் அதற்கு என்ன செய்ய முடிந்தது? டான்ஸ்ஹால் என்கிற இந்த ஜமேக்கா ஆட்ட இசையில் கேட்பதும் அதையேதான்.

3 நவம்பர், சற்றுப் பிறகு

சொல் குழப்பம் வேண்டாம். அங்கே 'டீஜே' என்றால் இசைத்தட்டுச் சுழற்றுகிறவர் இல்லை, ரிடிம் மேல் வாயால் அடித்து ஓட்டுகிறவர். தட்டு மாற்றுகிறவர் 'செலக்டர்'. இழுத்துப் பாடுகிறவர் சிங்கர். இரண்டையும் கலந்து செய்கிறவர் சிங்ஜே. அந்தக் கணக்கில் ஷோன் போல் டீஜே, வெய்ன் வொண்டர் சிங்கர்.

5 நவம்பர்

வானொலியில் ஓடிய மூன்றோடு திவாலியைத் தெரிந்ததாக நினைத்தால் பாதிகூடத் தெரியவில்லை. பவுன்டி கில்லரின் 'சஃபரர்' கேளுங்கள்.

ஜமேக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைப் பேட்டைகளில் பிறந்து அங்கேயே துன்பப்பட்டு வளர்கிறவனின் பாட்டு அது. கரகரத்த, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். பின்னால் என்ன ஓடுகிறது? அதே கைதட்டல். ஷோன் போலின் கீழே 'வா, ஆடு' என்று கூப்பிட்ட அதே கைதட்டல், இங்கே ஒரு ஊர்வலத்தில் வரிசையாக நடக்கிறவர்கள் தட்டுவதுபோலக் கேட்கிறது. ஒரு ஒலிகூட மாறவில்லை. என் காதுதான் மாறியிருக்கிறது, மாற்றியது அந்தக் குரல்.

முதலில் இதைக் கேட்டபோது எனக்கு வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. இருந்தும் காரில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அவர் சத்தத்தைக் கூட்டினார். விடிகாலை மார்க்கம் ரோட்டில் ஒரு வண்டியும் இல்லை, எல்லா சிக்னலும் சிவப்பாக விழுந்தது. சம்பளம் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. வீட்டு வாடகையில் இருநூறு டாலர் குறைந்தது எனக்கு. அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை.

எலிஃபன்ட் மேனும் இதே ரிடிம் மேல் இருக்கிறார். அவர் கத்திக் கூப்பிட்டு ஆட்டத்தை நடத்துகிறவர், அவர் பாட்டில் அதே இசைக்கு ஒரு திருவிழா மேளத்தின் வேகம் வந்துவிடும். வேகம் அதேதான், நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், மாறவில்லை.

6 நவம்பர்

திருத்தம்: லுமிடீயை மற்ற இருவரோடு ஒரே வரிசையில் வைத்து எழுதினேன். அவர் கிங்ஸ்டன் ஸ்டூடியோவுக்கு வந்து பாடியவர் இல்லை. நியூயோர்க்கின் ஸ்பானிஷ் ஹார்லத்துப் பெண். அங்கிருந்த, தட்டுச் சுழற்றுகிற ஒரு தயாரிப்பாளரோடு சேர்ந்து திவாலியிலிருந்து கிட்டத்தட்ட எல்லாப் பூச்சையும் சுரண்டிவிட்டு, ட்ரம்மையும் கைதட்டலையும் மட்டும் வைத்துக்கொண்டு பாடினார். குரலில் பெரிய பயிற்சி கிடையாது, சில இடத்தில் சுரம் லேசாக வழுக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து தோழி தட்ட இவள் பாடுவதுபோல.

அமெரிக்காவின் பில்போர்ட் ஹொட் 100 பட்டியலில் அது 3ஆம் இடம்வரை போனது. 'கெட் பிஸி' 2003 மே மாதம் முதலிடத்தில் ஏறி மூன்று வாரம் நின்றது. 'நோ லெட்டிங் கோ' 11. ஒரே ஆண்டில் ஒரே ரிடிமிலிருந்து மூன்று.

9 நவம்பர்

'இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது, கம்ப்யூட்டர் வந்த பிறகா?' என்று ஒருவர் கேட்டார். அதற்கு ரொம்ப முன்னாலேயே.

1967, 68 வாக்கில் நடந்தது. ஜமேக்காவின் ஸ்பானிஷ் டவுனில் ரடி ரெட்வுட் என்பவர் சவுண்ட் சிஸ்டம் நடத்திவந்தார். சவுண்ட் சிஸ்டம் என்றால் தெருவில், வெளியில், ஆளுயர ஸ்பீக்கர்களைக் கட்டி ஆட்டம் நடத்துகிற குழு. தயாரிப்பாளர் டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவில் அவருக்காக பாரகன்ஸ் குழுவின் 'ஓன் த பீச்' பாட்டை ஒரு மென்தட்டில் (ஒரே பிரதியாக வெட்டும் இசைத்தட்டு) வெட்டும்போது குரல் தடத்தைத் திறக்காமல் விட்டுவிட்டார்கள். வந்தது வெறும் இசை. தப்பு என்று தூக்கிப் போடாமல் ரெட்வுட் அதை ஆட்டத்துக்கு எடுத்துப் போனார். முதலில் குரல் உள்ள பாட்டு, அடுத்து குரல் இல்லாத தட்டு. கூட்டம் விட்ட இடத்திலிருந்து தானே பாடத் தொடங்கிவிட்டது.

அதன்பிறகு தட்டின் மறுபக்கத்தில் குரல் நீக்கிய இசையைப் போட்டு 'வேர்ஷன்' என்று அச்சிடுவது வழக்கமாகிவிட்டது. குரல் இல்லாத இசை கையில் கிடைத்தால் மைக் பிடித்தவன் சும்மா இருப்பானா?

1974இல் ரூபி எட்வர்ட்ஸ் ஒரு முழு ஆல்பத்தையே ஒற்றை ரிடிம் மேல் கட்டினார், 'யமஹா ஸ்காங்க்' என்று. அடித்தளம் யூனிக்ஸ் குழுவின் 'மை கான்வர்சேஷன்'. திவாலி சிடிக்கு அதுவே பாட்டன்.

10 நவம்பர்

ரிடிம் கதை பேசிவிட்டு ஸ்லெங் டெங்கைத் தாண்டிப் போக முடியாது. திவாலியை எனக்குப் பிடிக்கும், ஆனால் ஸ்லெங் டெங் வேறு மாதிரி. அது வந்த பிறகுதான் இசைக்குழு இல்லாமலே ரிடிம் செய்யலாம் என்ற துணிச்சல் கிங்ஸ்டனில் பரவியது.

நோயல் டேவி என்ற இளைஞரிடம் ஒரு கசியோ எம்.டி-40. வீட்டில் பழகுகிற சின்ன கீபோர்ட், 1981இல் சந்தைக்கு வந்தது. அதில் 'ராக்' என்று ஒரு தயார்த் தாளம். அதை அழுத்தினால் பேஸோடு ஓடும். டேவியும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அதைப் பிடித்துக்கொண்டு கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பேட்டையில் தயாரிப்பாளர் கிங் ஜாமியிடம் போனார்கள். ஜாமி வேகத்தைக் குறைத்தார், மேலே கொஞ்சம் பியானோ, தட்டு ஒலிகள் சேர்த்தார். 'அண்டர் மி ஸ்லெங் டெங்' ஆகிவிட்டது. 1985 பிப்ரவரி 23, வால்தம் பார்க் ரோட்டில் பிளாக் ஸ்கோர்ப்பியோ என்ற சவுண்ட் சிஸ்டத்தோடு நடந்த இசை மோதலில் ஜாமி அதை இறக்கினார். அன்றைக்கு எதிர்த்தரப்பிடம் அதற்குப் பதில் இல்லை.

பிறகு ஆளாளுக்கு அதன்மேல் ஏறினார்கள். டெனர் சாவின் 'பம்ப்கின் பெலி', ஜான் வெய்னின் 'கால் த போலீஸ்', ஜானி ஓஸ்போர்னின் 'படி பை'. இன்றுவரை நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன.

எனக்கு இதில் நெஞ்சைத் தொட்ட பகுதி இன்னொரு நாட்டில் இருக்கிறது. அந்த 'ராக்' தாளத்தைச் செய்தவர் ஹிரோக்கோ ஒகுடா, 1980இல் கசியோவில் சேர்ந்த இளம் பெண். இசைக் கல்லூரியில் ஜமேக்காவின் ரெகே இசையைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதியவர். ஜப்பானில் ஒரு பெண் ரெகேயை உட்கார்ந்து உட்கார்ந்து கேட்டு, கைவிரலில் ஊறவைத்து, 'ராக்' என்ற பெயரில் ஒரு பொத்தானுக்குள் வைக்கிறாள். அது கப்பலேறிப் போய் ஜமேக்கா இளைஞன் ஒருவன் கைக்குச் சேர்கிறது. அவன் அதை அழுத்தியதும் தன் ஊர்ச் சத்தம் என்று கண்டுபிடித்துவிடுகிறான்.

10 நவம்பர், இரவு

மேலே எழுதியதை மகளிடம் சொன்னேன். 'அப்பா, நம்ம வீட்டுக் கீபோர்ட்ல அந்தப் பொத்தான் இருக்கா?' என்று போய் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். அது வேறு கம்பெனி, இல்லை. ஆனால் 'வால்ட்ஸ்' போட்டு அதற்குமேல் தமிழ்ப் பள்ளியில் படித்த ஆத்திசூடியைப் பாடினாள். 'அறம் செய விரும்பு' அழகாக உட்கார்ந்தது. 'ஆறுவது சினம்' இடிக்கிறது.

16 நவம்பர்

பணம். கேள்வி கேட்டவர் திரும்ப வந்து 'சரி, திருட்டில்லை, ஆனால் காசு யாருக்கு?' என்கிறார். நல்ல கேள்வி. இதில் எனக்கே இரண்டு மனது.

திவாலியைப் பொறுத்தவரை கணக்கு ஓரளவு நேர். மூன்று பாட்டின் எழுத்தாளர் வரிசையிலும் ஸ்டீவன் மார்ஸ்டன் பெயர் இருக்கிறது, லுமிடீ பாட்டிலும். பாடியவருக்கு ஒரு பங்கு, அடித்தளம் போட்டவருக்கு ஒரு பங்கு. அதனால்தான் இதைத் திருட்டு என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. 'ஸ்டாலக்' என்று ஒரு ரிடிம், 1970களில் வின்ஸ்டன் ரைலி தயாரித்தது. அதன்மேல் சிஸ்டர் நான்சி 1982இல் 'பம் பம்' பாடினார். பெண்கள் மைக் பிடிப்பதே அரிதான இடத்தில் நின்று, நான் யார் தெரியுமா என்று கேட்ட பாட்டு. எத்தனையோ ராப் பாட்டில், படத்தில் அந்தக் குரலை வெட்டி ஒட்டினார்கள். முப்பது வருடம் அவர் கைக்கு உரிமைத்தொகை என்று ஒன்றும் வரவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு வங்கியில் கணக்காளராக வேலை பார்த்தார். 2014இல் ஒரு காலணி விளம்பரத்தில் தன் குரலையே கேட்ட பிறகுதான் வழக்கறிஞரைப் பிடித்து உரிமையில் பாதியை மீட்டார்.

இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கிடங்கில் ஒரு பழைய முதலாளி இரண்டு வாரச் சம்பளத்தைக் கொடுக்காமலே கதவைப் பூட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரத்துக்கே அப்படி எரிந்தது. முப்பது வருடம்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்டீலி அண்ட் கிளீவி இரட்டையர் 1989இல் செய்த 'ஃபிஷ் மார்க்கெட்' ரிடிமின் ட்ரம் அடியிலிருந்துதான் ரெகேட்டோன் என்கிற ஸ்பானிஷ் மொழி ஆட்ட இசையின் 'டெம்பௌ' (dembow) அடி வந்தது என்று 2021இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பிறகு அது பெருகி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைத் தொடுகிற வழக்காகிவிட்டது. அவர்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று முழு மனதோடு நினைக்கிறேன். அதே சமயம், ஒரு அடியை ஒருவர் வேலி போட்டு வைத்திருந்தால் ஸ்லெங் டெங் மேல் அத்தனை பேர் ஏறியிருப்பார்களா என்றும் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகிறது. மூன்று நாளாக யோசித்தும் இதை என்னால் அவிழ்க்க முடியவில்லை, அப்படியே விடுகிறேன்.

17 நவம்பர்

ரிஹானாவின் 'பொன் டி ரீப்ளே'யும் திவாலிதானே என்று கேட்டவருக்கு: இல்லை. 2005இல் வந்தது. கைதட்டல் சாயல் இருக்கிறது, திவாலி கிளப்பிய அலை ஓயாத காலம் அது. ஆனால் ரிடிம் வேறு. ஒன்றன்மேல் ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள், பத்து நொடியில் கால் இடறும்.

24 நவம்பர்

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

திவாலிக்கு அடுத்து, 2003, 2004இல், ஸ்கேட்டா பரல் செய்த ஒரு ரிடிம் உலகம் சுற்றியது. நீனா ஸ்கை சகோதரிகளின் 'மூவ் யா பொடி', பிட்புல்லின் 'கூலோ', மிஸ்டர் வேகஸின் 'புல் அப்', எலிஃபன்ட் மேனின் 'ஜூக் கேல்' எல்லாம் அதன்மேல்தான். இதிலும் கைதட்டல் உண்டு, திவாலியைவிட முரட்டுத்தனம். கொண்டாட்டத்துக்கு இதைவிட நல்ல ரிடிம் நான் கேட்டதில்லை.

அதன் பெயர் 'கூலி டான்ஸ்'.

டொரொண்டோவின் எக்ளின்டன் வெஸ்டில் லிட்டில் ஜமேக்கா என்கிற பகுதியில் அப்போது இசைத்தட்டுக் கடைகள் இருந்தன. சனிக்கிழமை மதியம் அந்தக் கார்க்கார ஜமேக்கா நண்பர் என்னை அங்கே கூட்டிப் போவார். ஒரு சிடியின் அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு எடுத்த கையை அப்படியே வைத்துவிட்டேன். நான் மலையகத்துப் பிள்ளை. அம்மாயி கொழுந்து பறித்தவர், அவருடைய அம்மாவும். அரை நாள் வேலைக்கு அரைப் பேர், அதாவது பாதிக் கூலி, போடுகிற தோட்டத்தில் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை என் முகத்தில் எறிந்தவர்களை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அது எங்கள் தமிழ்ச் சொல்லிலிருந்தே போனது என்கிறார்கள். ஒரு நாள் உழைப்புக்கான காசு என்று பொருள்பட்டது, வெள்ளைக்காரன் வாயில் போய் மனிதனுக்கே பெயராகிவிட்டது.

நண்பரிடம் சொன்னேன், உடைந்த ஆங்கிலத்தில். அவர் சிரிக்கவில்லை. தன் பாட்டியை ஊரில் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்றார். ஜமேக்காவில் இந்திய வம்சாவளி ஆட்களைக் குறிக்கிற சாதாரணச் சொல்லாகவே அது புழங்கிற்றாம். பாட்டியின் முன்னோர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கப்பலில் வந்து கரும்புத் தோட்டத்தில் இறங்கியவர்கள். 1845 மே 10, 'பிளண்டெல்' என்ற கப்பல் ஓல்ட் ஹார்பர் பேயில் முதல் தொகுதியை இறக்கியது. அதற்கடுத்த எழுபது வருடத்தில் முப்பத்தாறாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள், பெரும்பாலும் வட இந்தியர். அவருடைய பாட்டிக்குக் காதில் வாங்கிக்கொள்ளப் பிடிக்காத சொல் அது, ஆனால் வாசலில் நின்று யாராவது அப்படிக் கூப்பிட்டால் பதில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசிய நீண்ட பேச்சு அதுதான். கடை வாசலில் நின்றுகொண்டு, குளிரில்.

25 நவம்பர்

நேற்று எழுதியதில் ஒரு பக்கம் விட்டுப்போனது. டான்ஸ்ஹால் இந்திய வம்சத்தை வெறும் பெயராக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சூப்பர் கேட்டைக் கேளுங்கள். இயற்பெயர் வில்லியம் மராக், கிங்ஸ்டனின் காக்பர்ன் பென் பேட்டைக்காரர், ஆப்பிரிக்க வம்சமும் இந்திய வம்சமும் கலந்தவர். 80களின் பின்பாதி, 90களின் தொடக்கம் என்றால் அவர் ராஜ்ஜியம். ஷோன் போல் தன் பாணிக்கு அவரைத்தான் குருவாகச் சொல்வார். 'கெட் பிஸி'யில் சொற்களை உருட்டி விடுகிற அந்த ஓட்டத்தைக் கேட்டுவிட்டு சூப்பர் கேட்டின் 'கெட்டோ ரெட் ஹொட்' கேளுங்கள். இழை எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும்.

ஆக, திவாலி என்ற ரிடிம் மேல் உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்த குரலுக்குப் பின்னால் ஒரு கப்பல் பேரன் நிற்கிறார். லெங்கி பெயர் வைத்தது நமக்கு ஏதோ சொல்வதற்காக இல்லை. நான்தான் சேர்த்துப் பார்க்கிறேன், சேர்த்துப் பார்க்கப் பிடித்திருக்கிறது.

'கூலி டான்ஸ்' சிடியை அன்று வாங்கவில்லை. மூன்று வருடம் கழித்து வாங்கினேன். அந்தக் கடை இப்போது இல்லை. 2011இல் ரயில் பாதை வேலை தொடங்கி, தெரு முழுக்கத் தடுப்புப் போட்டு, வருகிற ஆட்கள் குறைந்து, ஒவ்வொன்றாக மூடினார்கள்.

1 டிசம்பர்

ஒரு குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விளம்பரம்போல ஆகிவிடும். திவாலி சிடியை ஒரே மூச்சில் கேட்க என்னால் முடிந்ததில்லை. ஏழாவது, எட்டாவது பாட்டுக்குக் காது சோர்ந்துவிடும். எல்லோரும் பவுன்டி கில்லர் இல்லை. சிலர் ரிடிம் ஓடுகிறது, பணம் வருகிறது, நாமும் நாலு வரி சொல்லிவிடுவோம் என்று வந்தவர்கள்தான்.

செலக்டர்கள் அதனால்தான் முழுப் பாட்டைப் போடுவதில்லை. ஒருவருடையதில் ஒரு நிமிடம், உடனே அடுத்தவர், உடனே அடுத்தவர். 'ஜக்லிங்' என்பார்கள். இசை அறுபடாமல் ஓட, குரல் மட்டும் கை மாறும். சிடியில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விழுகிறது, அங்கேதான் உயிர் போகிறது. இந்த இசை அறையில் தனியாக உட்கார்ந்து கேட்க ஆனது இல்லை. 2003 கோடையில் நண்பரின் ஊர்க்காரர்கள் வைத்த பார்பிக்யூ ஒன்றில், ஒரு செலக்டர் ஷோன் போலை நடுவில் வெட்டிவிட்டு வெய்ன் வொண்டரை இறக்கினார். முந்திய நொடிவரை குதித்த கூட்டம் அப்படியே தோளில் சாய்ந்துகொண்டது. தட்டுகிற கை ஒன்றுதான்.

8 டிசம்பர்

கேள்வி கேட்டவர் ஒரு வரிசை கேட்டிருந்தார், அடுத்த முறை வீட்டில் போட. என் வரிசை: முதலில் லுமிடீ, வெறும் கைதட்டலாகக் காதில் பதியட்டும். அடுத்து 'கெட் பிஸி'. அப்புறம் எலிஃபன்ட் மேன். பிறகு வெய்ன் வொண்டர், மூச்சு வாங்க. கடைசியில் 'சஃபரர்', சத்தத்தைக் கூட்டி வைத்து. பாட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

15 டிசம்பர்

வரிசையில் ஒரு மாற்றம். நண்பரோடு போனில் பேசினேன். ஓய்வு பெற்றுவிட்டார், ஓஷாவாவில் மகள் வீட்டில் இருக்கிறார். வரிசையைப் படித்துக் காட்டினேன். 'சஃபரரை'க் கடைசியில் வைக்கக் கூடாது என்கிறார். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது நடுவில் வைக்க வேண்டுமாம், ஆடிக்கொண்டே கேட்க வேண்டிய பாட்டாம் அது. கடைசியில் வெய்ன் வொண்டர். 'வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டாமா?' என்றார்.

மாற்றிவிட்டேன்.